நைனாவின் கட்டையில் நான் அடித்த நாலு ஆணி

உப்பு ஊறிய மரம் கருகினால் ஒரு வாசனை வரும். அடுப்பில் விறகு எரிகிற வாசனை இல்லை அது. கருவாட்டையும் சாம்பிராணியையும் ஒரே சட்டியில் போட்டு வறுத்தது போன்ற வாசனை. திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாசனை எழும்பினால், எங்கள் நைனா வாசலில் குந்திக்கொண்டு தன்னுடைய ‘கட்டை’யின் கருகிய அடியை உளியால் சுரண்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பக்கத்து வீடுகளில் ஜன்னலைச் சாத்துவார்கள். எனக்கு மட்டும் அந்த வாசனை வந்தால் பசிக்கும். என் மூக்கின் லட்சணம் அப்படி.

கட்டை என்றால் செருப்புதான். இரண்டு விரல் தடிமனுள்ள பலகையைப் பாதத்தின் அளவுக்கு வெட்டி, மேலே குறுக்காக ஒரு பழைய மிஷின் பெல்ட்டுத் துண்டை வளைத்து, பலகையின் பக்கவாட்டில் குட்டை ஆணிகளால் அறைந்தது. அவ்வளவுதான் அதன் அழகு. கடையில் வைத்தால் நாய்கூட முகர்ந்து பார்க்காது. ஆனால் எங்கள் சந்திலிருந்து வேலைக்குப் போன ஆறேழு ஆண்களின் கால்களை அந்த மரத்துண்டுதான் காப்பாற்றிக் கொடுத்தது.

நைனா வேலை செய்தது ஒரு சின்ன வார்ப்புப் பட்டறையில். எல்லோருக்கும் அது ‘பவுண்டரி’. தகரக் கொட்டகை, நடுவே ஒரு உலை, தரை முழுக்கக் கறுப்பு மணல். மணலில் அச்சு இறக்கி அதில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். சாக்கடை மூடி, எடைக்கல், பம்ப்செட்டின் வயிறு என்று என்னென்னவோ பிறந்து வரும். உருகிய இரும்புக்கு அங்கே பெயர் ‘கொயம்பு’. “இன்னிக்கி கொயம்பு நல்லா எறங்கிச்சு” என்று நைனா பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அம்மா, “அதுல ரெண்டு கரண்டி எட்த்துனு வந்திருந்தா எனுக்கு வேல மிச்சம்” என்பாள்.

அந்தத் தரையில் ரப்பர் செருப்பு போட்டு நடந்தால் மூன்றாவது அடியில் செருப்பு தரையோடு ஒட்டிக்கொள்ளும். நாலாவது அடியில் நீங்கள் மட்டும் தனியாகப் போவீர்கள். தோல் செருப்பு அப்பளம் மாதிரி சுருளும். மரம் ஒன்றுதான் சூட்டை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டு, மேலே இருக்கிற காலுக்குச் சொல்லாமல், அடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகும். கரியைச் சுரண்டிவிட்டால் மறுபடி வேலைக்குத் தயார். இவ்வளவு பொறுமைசாலியான ஒரு பொருளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் நிச்சயமாக இல்லை.

மரம் வந்த வழி இன்னும் அழகு. காத்திவாக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகுகள் வந்து இறங்கிய பிறகு, பழைய கட்டுமரங்கள் கயிறு அவிழ்ந்து கரையில் கிடந்தன. நைனாவும் அவருடைய கூட்டாளி தாசு மாமாவும் சைக்கிளில் போய், தெரிந்தவர்களிடம் கேட்டு, ஒரு துண்டை அறுத்துக் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். கட்டுமரத்து மரம் தக்கை மாதிரி லேசு. நாள் முழுக்கக் காலில் கிடந்தாலும் கனக்காது. வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீர் குடித்ததால் அது லேசில் தீப்பிடிக்காது என்று பவுண்டரி ஆட்கள் நம்பினார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் இல்லை, அதற்கு மேல் நான் புத்தகங்களைத் தொந்தரவு செய்யவுமில்லை. ஆனால் அலையில் மிதந்த மரம் நெருப்பில் நடந்தது என்பது என் கண்ணால் கண்ட உண்மை.

மரச்செருப்பு என்றதும் பலருக்கு நினைவு வருவது சாமியார்களின் பாதக்குறடு. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு குமிழ் மட்டும் நிற்கும். வாரும் கிடையாது, பிடியும் கிடையாது. எங்கள் பக்கத்தில் கடலோரத்து சமாதி ஒன்றில் அப்படியொரு ஜோடியை வைத்துப் பூப்போட்டுக் கும்பிடுவார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு முனிவர் வேஷம் கிடைத்தது. ஞானத்தைப் பார்த்து இல்லை, வெட்டாமல் விட்ட முடியைப் பார்த்து. குமிழ் வைத்த குறட்டை மாட்டிக்கொண்டு ராஜாவைச் சபிக்க வேகமாக இரண்டு எட்டு வைத்தேன். தாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சபிக்கப்பட வேண்டிய ராஜாதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். முனிவர்கள் ஏன் அவ்வளவு நிதானமானவர்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தக் குறட்டைப் போட்டுக்கொண்டு அவசரப்பட முடியாது.

ராயபுரம் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றுக்கு என் தோஸ்து கூட்டிப் போயிருக்கிறான். கை கால் கழுவுகிற தொட்டியின் ஓரத்தில் வரிசையாக மரச்செருப்புகள் கிடந்தன. ஈரத்தில் அழுகாது, கழுவிய காலில் அழுக்குப் படாது. யாராவது திருடிக்கொண்டு போய்விட மாட்டார்களா என்று கேட்டேன். “எட்த்துனு போனா ரோடு வரைக்கும் அதுவே கூவிக்கினு வரும்டா” என்றான். தார் ரோடு போடுகிறவர்கள் கட்டைக்கு அடியில் சாக்கைச் சுற்றித் தண்ணீரில் முக்கிக்கொண்டு நடப்பதையும் பார்த்திருக்கிறேன். தோலைத் தொட்டால் தீட்டு என்று நினைத்த பெரிய மனிதர்கள் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் மரத்தை மிதித்தார்கள். தெருவில் எதையுமே காலில் போடக் கூடாது என்று விதிக்கப்பட்டவர்கள் மண்ணை மிதித்தார்கள். செருப்பின் சரித்திரத்தில் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி அதிகம் எழுதியிருக்க மாட்டார்கள், செருப்பே இல்லாதவர்களை அதில் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல். நைனாவின் தாத்தா அந்தக் கூட்டம். இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

கொயம்பைச் சுமப்பது இரண்டு பேர் வேலை. நீண்ட இரும்புக் கம்பியின் நடுவே ஒரு வளையம், வளையத்தில் ‘லேடில்’ என்கிற வாளி, வாளி நிறைய உருகிய இரும்பு. முன்முனையை ஒருவர் பிடிப்பார், பின்முனையை ஒருவர். உலையிலிருந்து அச்சு இருக்கிற இடம் வரைக்கும் செங்கல் பாவிய நடை. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்க முடியாது; திரும்பினால் கம்பி திரும்பும், கம்பி திரும்பினால் வாளி ஆடும், வாளி ஆடினால் அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே காதுதான் கண். இரண்டு ஜோடிக் கட்டைகளும் செங்கல் மேல் ஒரே சத்தமாக விழ வேண்டும். டொக் என்றால் நாலு காலில் இரண்டு இறங்கிவிட்டது என்று பொருள். பதினோரு வருஷமாக முன்னால் போனவர் தாசு மாமா, பின்னால் போனவர் எங்கள் நைனா. ஒருவரையொருவர் ‘மாமு’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் கல்யாண வழியில் எந்த உறவும் இல்லை, ஒரு இரும்புக் கம்பிதான் உறவு.

கட்டை விஷயத்தில் பவுண்டரிக்கு ஒரே ஒரு விதி உண்டு. வாரைப் பக்கவாட்டில்தான் அறைய வேண்டும். அடிப்பக்கம் இரும்பே படக் கூடாது. நைனா கட்டை தயார் செய்கிற ஒவ்வொரு ஞாயிறும் இதைச் சொல்லுவார். ஏன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உலைக்குப் பக்கத்தில் விசில் அடிக்கக் கூடாது, முதல் கொயம்பை ஊற்றும்போது பேசக் கூடாது என்பது போல அதுவும் ஒரு சாங்கியம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது வயது ஒன்பது. வீட்டில் பெயர் ‘எலி’.

வாரம் முழுக்கக் கட்டைகள் பவுண்டரியிலேயே கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், மறுநாள் சுரண்டுவதற்காக, காலில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவார்கள். அன்றைக்கு எங்கள் சந்து ஒரு கச்சேரி மேடை. நாங்கள் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு, வருவது யாருடைய கட்டை என்று சொல்லுவோம். தாசு மாமா அப்போதுதான் புதுக் கட்டை போட்டிருந்தார். ஜட்கா குதிரை மாதிரி வந்தார். நைனாவின் கட்டை பழசு. தேய்ந்து, கருகி, இடது கால் பலகை இன்னும் மெலிந்து போயிருந்தது. சத்தம் ‘மொத் மொத்’ என்று இருந்தது.

“டேய் எலி, உங்க நைனா நடந்து வராரா, மாவு பெசஞ்சுகினு வராரா?” என்றான் ஒருவன்.

சந்தே சிரித்தது. நைனாவுக்கும் அது காதில் விழுந்தது. அவரும் சிரித்தார், ஆனால் வாசலில் கட்டையைக் கழற்றிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு நைனா படுத்துத் தூங்கினார். துறைமுகத்துப் பெட்டிப் பலகை ஒன்றிலிருந்து பிடுங்கி வைத்திருந்த ஒன்றரை அங்குல ஆணிகள், தலை அகலமானவை, என் புதையலில் இருந்தன. கட்டைக்கு இரண்டு வீதம் நாலு ஆணி, அடிப்பக்கமாக, குதிகாலில் ஒன்று, முன்பாதத்தில் ஒன்று. இடது கட்டையின் முன் ஆணி கோணிக்கொண்டது. அதை வளைத்து அப்படியே மரத்துக்குள் அறைந்தேன். கையில் மாட்டிக்கொண்டு சிமெண்டில் தட்டிப் பார்த்தேன். ஆகா, போலீஸ் குதிரை. சனிக்கிழமை வரட்டும் என்று நைனாவின் வேலைப் பையில் திரும்ப வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நைனா இடது காலில் துணி சுற்றிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகக் கட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு, நொண்டியபடி வந்தார்.

“இன்னாய்யா ஆச்சு?” என்றாள் அம்மா.

“கொயம்பு கொஞ்சம் தெறிச்சிருச்சு.”

“மேல தெறிக்கிறது அடியில எப்பிடி சுடும்?”

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பது போன்ற ஒரு பார்வை. அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆணியின் தலை சூடான செங்கல்லில் இருந்தால் அதன் நுனி எங்கே இருக்கும் என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் என் மண்டையில் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் தாசு மாமா வந்தார். எப்போதும் நேராக அடுப்பங்கரை வரைக்கும் வருகிறவர் அன்றைக்கு வாசற்படி ஏறவில்லை.

“தங்கச்சி, உன் வூட்டுக்காரன வெளிய வரச் சொல்லு.”

“உள்ள வாண்ணா, டீ போடறேன்.”

“அவன் குடுக்கிற டீய குடிக்கிற மாறி நான் இல்ல இன்னிக்கி.”

“டீய நான்தான போடறேன். அவுரு என்னிக்கி போட்டாரு?”

நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். “இன்னா மாமு” என்றார், மெதுவாக.

“மாமுலாம் அப்பால வெச்சுக்கோ. உன் கட்டையில ஆணி கீதுன்னு கொட்டாயில சொல்றாங்க. அடியில ஆணி வெச்சது யாரு?”

நைனா எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தார். “நாந்தான்.”

“எதுக்கு?”

“சும்மாதான். சத்தம் வரட்டும்னு.”

தாசு மாமா கத்தியிருந்தால்கூட எனக்குப் பயமாக இருந்திருக்காது. அவர் குரல் இறங்கிப்போனது.

“பதினோரு வருசமா முன்னால போய்கினு கீறேன். ஒரு நாளு திரும்பிப் பாத்திருப்பனா? பின்னால நீ கீறன்ற ஒரே தகிரியந்தான். இன்னிக்கி பாதி வயில சத்தம் வுட்டுப்போச்சு. ஒரே ஒரு அடி. அந்த ஒரு அடியில எம்புள்ளைங்க மூஞ்சி எல்லாம் வந்துட்டு போச்சு. விதி தெரியாதவனா நீ? கட்டைக்கி சோக்கு காட்ட என் உயிரா கெட்ச்சுது? நாளைக்கி மேஸ்திரியாண்ட சொல்லிடறேன். நான் வேற ஆளு கூட தூக்கிக்கிறேன். நீயும் வேற ஆளு பாத்துக்கோ.”

நைனா சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை என் பெயர். அதை அவர் சொல்லப் போவதில்லை என்பது டிரம்முக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. வாயைத் திறந்தால் அம்மாவின் துடைப்பம், திறக்காவிட்டால் தாசு மாமா படியை விட்டுப் போய்விடுவார்; நடுவே எனக்குக் கிடைத்த நேரம் ரொம்பக் கொஞ்சம். அவர் திரும்பிவிட்டார்.

“மாமா” என்றேன். “ஆணி நான் அடிச்சது.”

“உள்ள போடா” என்றார் நைனா.

“நான்தான் மாமா. ஒண்ணு கோணிக்கிச்சு. லெப்ட்டு கட்டையில. வளச்சு அடிச்சிருப்பேன், பாருங்க.”

தாசு மாமா நைனாவின் பையை வாங்கி இடது கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பதினோரு வருஷம் கட்டைக்கு ஆணி அறைந்த மனிதன் அப்படிக் கேவலமாக ஒரு ஆணியை அறைந்திருக்க மாட்டான் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என் கைவேலையின் கலீஜ் முதல்முறையாக உண்மைக்குச் சாட்சி சொன்னது.

அவர் என்னை விட்டுவிட்டு நைனாவிடம் திரும்பினார். “புள்ள அடிச்சான், சரி. நீ போட்டுகினியே, தெரியலயா?”

“தெரிஞ்சிது.”

“அப்ப?”

நைனா படியில் உட்கார்ந்தார். துணி சுற்றிய காலை நீட்டிக்கொண்டார்.

“காலைல போட்டு ரெண்டு அடி வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு. திருப்பியும் பாத்தேன். ஆணிய புடுங்கணும்னுதான் கொறட்ட எட்த்தேன். அப்பால இன்னும் நாலு அடி நடந்து பாத்தேன். சத்தம் நல்லா இருந்துச்சு மாமு.” துணி முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்: “எங்க தாத்தா ஊர்ல பெரிய தெருவாண்ட வந்தா செருப்ப கயட்டி கக்கத்துல வெச்சுக்கணும். தெரு தாண்டித்தான் போடணும். அப்பிடியே பயகிப் போயி பட்டணம் வந்தும் வெறுங்காலுதான் அவுருக்கு. நான் நடந்தா கொட்டாயி முயுக்க கேக்குது. ஒரு நாளு கேக்கட்டுமேன்னு வுட்டுட்டேன். தப்புதான்.”

அம்மா டீத்தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“கேக்கணும்னா மோளம் வெச்சுக்கயேன்டா” என்றார் தாசு மாமா கடைசியில். “ஆணி எதுக்கு?” அப்புறம் கேட்டார்: “சுட்டது எந்த எடத்துல?”

“பாதி வயில. கீய சிந்தின கொயம்பு மேல கால் பட்டுச்சு.”

“அதுக்கப்பறம் எத்தினி அடி நடந்த?”

“பன்னெண்டு.”

“எண்ணிக்கினா போன?”

“வேற இன்னா பண்றது.”

“அங்கயே கீய வெச்சிருக்கலாமில்ல?”

“நீ முன்னால கீறியே” என்றார் நைனா. “கோணலா வெச்சா உன் காலாண்டதான் ஓடும்.”

தாசு மாமா அந்தக் கட்டையைத் தரையில் வைத்தார். தானும் படியில் உட்கார்ந்தார். “தங்கச்சி, டீ போடு” என்றார்.

நைனாவின் கால் ஆற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தாசு மாமா வேறு யாருடனும் கம்பி பிடிக்கவில்லை. மேஸ்திரியிடம் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு மணல் சலித்தார். இடுப்பு பிடித்தவன் குனிந்து மணல் சலிப்பதை அந்த மேஸ்திரி எப்படி நம்பினாரோ. நாலு ஆணியையும் நானே பிடுங்கி, ஓட்டையில் வேப்பங்குச்சி செருகி அடைத்தேன். அம்மா எனக்குத் தர வேண்டியதைப் பாக்கி வைக்காமல் தந்தாள்.

நாலாவது சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சந்து முனையில் நின்றோம். கட்டைகள் வந்தன. நைனாவின் இடது கால் தரையில் முழுசாக அழுந்தாமல், சூடு கண்ட ஞாபகத்தில், ஒரு நொடி முன்னதாகவே எழும்பியது. டொக், ட்டொ. டொக், ட்டொ. அதை எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது இன்னொன்று.

“டேய், தாசு மாமா கட்டையும் நொண்டுதுடா” என்றான் என் பக்கத்தில் இருந்தவன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். காலில் ஒரு கீறல்கூட இல்லாத அந்த மனிதர், நைனாவின் இடது கால் எழும்புகிற அதே நொடியில் தன் இடது காலையும் சீக்கிரமாக எழுப்பிக்கொண்டு வந்தார். புதுக் கட்டை, ஜட்கா குதிரை, எல்லாம் போயிற்று. இரண்டு ஜோடியும் ஒரே சத்தமாக விழுந்தன.

இப்போது அந்தப் பவுண்டரி இருந்த இடத்தில் பார்சல் குடோன் இருக்கிறது. செங்கல் நடையைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் போட்டுவிட்டார்கள். நான் எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். காலில் கம்பெனி கொடுத்த பூட்ஸ், இரும்பு மூக்கு வைத்தது. என் நைனா பார்த்துவிட்டு, “மேல இரும்பு வெச்சுகீறான், அறிவாளி” என்றார். நல்ல பூட்ஸ்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் சத்தம் வராது. பக்கத்தில் நடப்பவன் யாரென்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. காத்திவாக்கத்தில் கட்டுமரத் துண்டு கேட்டால், எந்தக் காலத்துப் பையன் என்று பார்க்கிறார்கள். நைனா கடைசி ஜோடியை வழுக்காமல் இருக்க பாத்ரூமில் போட்டுக்கொள்கிறார். தினமும் காலையில் என்னை எழுப்புவது அந்த டொக், ட்டொ தான். அலாரம் வைத்தவன் நானே என்பதால் எரிச்சல்படவும் வழியில்லை.

தாசு மாமா மாத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார். இரண்டு பேரும் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். தாசு மாமா ஒரு அடி முன்னால், நைனா பின்னால். கையில் கம்பி கிடையாது, நடுவில் கொயம்பு கிடையாது, காலில் கட்டை கிடையாது, சத்தமும் கிடையாது. ஆனாலும் வாசலில் நின்று பார்த்தால் முன்னால் போகிறவரின் இடது கால் ஒரு நொடி முன்னதாகவே எழும்புகிறது. போன வாரம் அவரிடம் கேட்டேன், “மாமா, உங்களுக்கு கால்ல இன்னா?”

“எனுக்கு இன்னா” என்றார். “நல்லாத்தான கீது.”